ஒரு செமஸ்டர் ஜெர்மனிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு: விசா வேலையை எங்கிருந்து தொடங்குவது

பேராக்கில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அண்ணன் மகள், பல்கலைக்கழகப் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஜெர்மனிக்குத் தேர்வானபோது வீட்டில் எல்லோரும் குளிர் சட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். விசா பேச்சே இல்லை. "மலேசியக் கடப்பிதழுக்கு ஐரோப்பா ஃப்ரீதானே" என்று பக்கத்து வீட்டு அண்ணன் வேறு சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. ஷெங்கன் நாடுகளுக்குள், அதாவது ஜெர்மனி உட்பட ஒரே விசா முறையில் இருக்கும் ஐரோப்பிய நாடுகளுக்குள், நாம் விசா இல்லாமல் போகலாம், ஆனால் 180 நாள்களில் 90 நாள்தான் இருக்கலாம். செமஸ்டர் என்றால் நாலைந்து மாதம், கணக்கு இடிக்கும். ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுக்காரர்கள் ஜெர்மனிக்குள் போய் இறங்கியபிறகு தங்கும் அனுமதிக்கு மனு செய்யலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. கிளம்புவதற்கு முன்பே கோலாலம்பூரில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் தேசிய விசா, அதாவது டி வகை விசா எடுத்தாக வேண்டும்.

வேறு நாடு என்றால் வழியும் வேறு. பிரிட்டனில் 6 மாதத்துக்குள் முடியும் படிப்புக்கு நமக்கு விசா தேவையில்லை, ஈ.டி.ஏ என்ற மின் அனுமதி போதும். ஜப்பானுக்கு அங்குள்ள பல்கலைக்கழகமே முதலில் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும், அது வந்தால்தான் மாணவர் விசா. நான் பக்கத்தில் இருந்து பார்த்தது ஜெர்மனி வேலையை, அதனால் அதையே சொல்கிறேன்.

ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் பிடியுங்கள், எல்லாத் தாளும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. மனு கொடுத்தபின் பல வாரம் ஆகலாம், சிலருக்கு மூன்று மாதம்வரை இழுக்கிறது. தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு தாளுக்காக இரண்டு தடவை அலைவதென்றால் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளமும் போகும், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடப்பிதழ் தேதியைப் பாருங்கள். முடியப்போகிறது என்றால் ஈப்போவில் யூ.டி.சி என்ற அரசுச் சேவை மையத்தில் உள்ள குடிநுழைவுத் துறை முகப்பிலேயே புதுப்பிக்கலாம், வழக்கமான கட்டணம் 200 ரிங்கிட். விசா ஒட்டுவதற்குக் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கட்டும்.

அப்புறம் படம். நம் ஊர் படக்கடையில் "பாஸ்போர்ட் படம்" என்றால் மலேசிய அளவில், 35-க்கு 50 மில்லிமீட்டரில் வெட்டித் தருவார்கள். ஜெர்மனி கேட்பது 35-க்கு 45. அந்த 5 மில்லிமீட்டருக்காக எங்கள் பிள்ளை நேர்காணல் அன்று கடை தேடி ஓடியது. அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள்.

இனி பெயர். நம் பிள்ளைகளுக்கு அதிகமாகச் சிக்கல் வரும் இடம் இதுதான். மனுவைத் திறந்து இரண்டாவது நிமிடத்திலேயே, "அத்தை, எனக்குக் குடும்பப் பெயரே இல்லையே, இதில் என்ன போடுவது?" என்று அண்ணன் மகள் கேட்டாள். நம் கடப்பிதழில் அவள் பெயர், ஏ/பி (மலாயில் "மகள்" என்பதன் சுருக்கம்), அப்பா பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். வெளிநாட்டுப் படிவம் அதை இரண்டாக வெட்டச் சொல்கிறது. கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். பெயரின் நடுவே இரட்டைக் குறி இல்லாமல் எல்லாம் தொடர்ந்து வந்தால், கருவி முழுவதையும் ஒரே பெயராகத்தான் படிக்கிறது. படிவத்தில் எப்படிப் பிரிப்பது என்று தூதரகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். பதில் கிடைத்ததும் அதே முறையைக் காப்புறுதி, வங்கிக் கணக்கு, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் கடைப்பிடியுங்கள். டிக்கெட்டில் சாய்கோடு ஏறாது, ஏ/பி என்பதைச் சேர்த்து எழுதிவிடலாம். எங்களுக்கு வந்த அனுமதிக் கடிதத்தில் அப்பா பெயரே விடுபட்டிருந்தது. உடனே எழுதிக் கேட்டதால் நாலு நாளில் திருத்திய கடிதம் வந்துவிட்டது.

பணக் கணக்கைப் பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து மாணவருக்கு மாதம் 992 யூரோ காட்ட வேண்டும் என்று ஜெர்மனி வைத்திருக்கிறது. ஐந்து மாதத்துக்கு 4,960 யூரோ. இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், அங்கே ஒரு மாதத்துக்குக் கேட்பதே நாலாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் எந்த அப்பாவுக்கும் இதைக் கேட்டால் மூச்சு நின்றுவிடும். ஆனால் முழுவதையும் குடும்பமே காட்ட வேண்டும் என்றில்லை. உபகாரச் சம்பளம் இருந்தால் அதன் கடிதமே சான்று. அதில் மாதம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். "நிதியுதவி வழங்கப்படும்" என்று மொட்டையாக இருந்தால் போதாது, மாற்றி வாங்குங்கள். குறையும் தொகையை மட்டும் ஸ்பெர்கோண்டோ என்ற முடக்கக் கணக்கில் போடலாம்: பணம் முன்கூட்டியே உள்ளே போய்விடும், அங்கே போனபின் மாதாமாதம் குறிப்பிட்ட தொகைதான் வெளியே வரும். கணக்கு திறந்து, பணம் போய்ச் சேர்ந்து, உறுதிக் கடிதம் வர நாள் பிடிக்கும் என்பதால் இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். சீட்டுப் பணம், சித்தப்பா கொடுத்த பணம் என்று சேர்ப்பதில் தப்பில்லை, யார் எதற்குக் கொடுத்தார் என்று ஒரு கடிதம் மட்டும் வாங்கி வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம்.

காப்புறுதி நீங்கள் இறங்கும் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். பிறப்புப் பத்திரம் போன்ற மலாய்த் தாள்களுக்கு மொழிபெயர்ப்பு கேட்டால், கோலாலம்பூரில் ஐ.டி.பி.எம் என்ற மொழிபெயர்ப்பு நிறுவனம் சான்றளித்துத் தருகிறது. விசா கட்டணம் 75 யூரோ, உபகாரச் சம்பளக்காரர் சிலருக்கு விலக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நேர்காணலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், என்னென்ன பாடம் எடுக்கிறீர்கள், திரும்பி வந்து படிப்பை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்கலாம். மனப்பாடம் செய்த பதில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எடுக்கப்போகும் நாலு பாடத்தின் பெயரையும், இங்கே அவை எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதையும் தெரிந்து வைத்திருந்தால் பேச்சு தானாக வரும். எங்கள் பிள்ளை முதல் நாள் இரவு அவள் அம்மாவுக்குத் தமிழில் இதையெல்லாம் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள், அதுவே நல்ல பயிற்சியாகிவிட்டது.

விசா ஒட்டிய கடப்பிதழ் கைக்கு வந்ததும் சந்தோஷத்தில் பைக்குள் போட்டுவிடாதீர்கள். முகப்பை விட்டு நகர்வதற்கு முன் பெயரின் எழுத்து, கடப்பிதழ் எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி நாலையும் விரல் வைத்துப் படியுங்கள். தொடங்கும் தேதிக்கு முன்னால் டிக்கெட் எடுத்திருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். பிறகு எல்லாத் தாளையும் இரண்டு படி எடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்து, மற்றதை மூலத் தாள்களோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வைக்காதீர்கள்; ஜெர்மனியில் இறங்கியதும் குடிநுழைவு முகப்பில் அனுமதிக் கடிதத்தைக் கேட்டால் அந்தப் பெட்டி உங்கள் கையில் இருக்காது.