டி.ஏ. (அகவிலைப்படி) ஆணை வந்தால் சம்பளச் சீட்டில் எதைப் பார்ப்பது? கர்நாடக அரசுப் பணியில் இருக்கும் பெங்களூர்த் தமிழர்களுக்கு

வாட்ஸ்அப்பில் வரும் ஆணைப் படத்தை முதலில் ஓரமாக வையுங்கள். தேதி இருக்கும் பகுதியை வெட்டிவிட்டுப் பழைய ஆணையையே சுற்றில் விடுவது வாடிக்கை. மாநில நிதித்துறையின் இணையதளத்தில் இருக்கும் பி.டி.எஃப். ஒன்றுதான் கணக்கு.

1. ஆணையைக் கண்டுபிடிப்பது

அகவிலைப்படிக்குக் கன்னடத்தில் ‘துட்டி பத்யெ’. நிதித்துறை ஆணை எண் ‘ஆ.இ.’ என்று தொடங்கும். ஆர்த்திக இலாக்கெ என்பதன் சுருக்கம். தலைப்பில் ‘சுத்தோலெ’ என்றிருந்தால் அது சுற்றறிக்கை; பெரும்பாலும் இருக்கும் விதிக்கு விளக்கம்தான். பணம் மாறுவது ‘ஆதேஷ’, அதாவது ஆணை என்பதில்.

2. படிப்பது

கன்னட எழுத்து தெரியாதவர்கள் பி.டி.எஃப்.பிலிருந்து வரிகளை நகலெடுத்து மொழிபெயர்ப்பில் ஒட்டுவார்கள், குப்பையாக வரும். பல ஆணைகள் நுடி என்ற பழைய கன்னட எழுத்துருவில் தட்டச்சானவை; அவை யூனிகோட் இல்லை. திரையில் பி.டி.எஃப்.பைப் பெரிதாக்கிப் படம் பிடித்து கூகுள் லென்ஸில் போடுங்கள். அதிலும் எண்களை நம்பாமல் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

3. மூன்று தேதிகள்

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஆணை வந்த தேதி ஒன்று, உயர்வு நடைமுறைக்கு வரும் தேதி ஒன்று, கையில் பணம் விழும் தேதி ஒன்று. ‘ஜாரிகெ பருவந்தெ’ என்று வரும் வாக்கியத்தில் இருப்பது இரண்டாவது.

2025 அக்டோபரில் வந்த ஆணை அகவிலைப்படியை 12.25 சதவீதத்திலிருந்து 14.25 ஆக்கியது, நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஜூலை 1 முதல். ஆக ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் நிலுவை. குறிப்பிட்ட மாதச் சம்பளப் பட்டுவாடாவுக்கு முன் நிலுவையைத் தரக்கூடாது என்று ஒரு வரி வழக்கமாகக் கீழே இருக்கும். அதைப் படிக்காமல் சம்பளப் பில் போடும் அலுவலரான டி.டி.ஓ.வோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

4. சதவீதம் எப்படி வந்தது

2025 ஜூலை முதல் மத்திய அரசு 58 சதவீதம் தந்தபோது நமக்கு ஏன் 14.25 என்று கேட்டவர்கள் உண்டு. சுதாகர் ராவ் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு 2022 ஜூலை 1 நிலவரப்படி இருந்த 31 சதவீத மாநில அகவிலைப்படியை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து, அதற்கு மேல் 27.5 சதவீதம் கூட்டியது. புதிய சம்பளம் 2024 ஆகஸ்ட் 1 முதல் கையில் வந்தது. அந்த 2022 ஜூலையில் மத்திய அகவிலைப்படி 38 சதவீதம். எனவே அதற்கு மேல் ஏறியதை மட்டும் எடுத்து, மாநிலத்துக்கான விகிதமான 0.722ஆல் பெருக்க வேண்டும். 58-இல் 38 போக 20, பெருக்கினால் 14.44, அதற்குக் கீழே உள்ள கால் சதவீதப் படிக்கு இறக்கினால் 14.25. 55-க்கும் போட்டுப் பாருங்கள், 12.25 வரும். அடுத்த முறை மத்திய அறிவிப்பு வந்த அன்றே நம்முடையதை ஊகித்துவிடலாம்.

5. சம்பளச் சீட்டு

மாநில ஊழியர்களின் சம்பளத் தளமான எச்.ஆர்.எம்.எஸ்.ஸில், ஊழியர்களுக்கான இ.எஸ்.எஸ். பகுதியில் கே.ஜி.ஐ.டி. (அரசுக் காப்பீட்டுத் துறை) எண்ணை வைத்து நுழைந்து சீட்டை இறக்குங்கள். இதற்கென்று தனிச் செயலி எதுவும் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

அடிப்படைச் சம்பளம் 34,100 ரூபாய் என்று வையுங்கள். 12.25 சதவீதம் 4,177; 14.25 சதவீதம் 4,859. 50 காசுக்குக் கீழ் விட்டுவிடுவார்கள், 50-ம் அதற்கு மேலும் முழு ரூபாய். மாதம் கூடுவது 682. பெங்களூரில் வீட்டு வாடகைப்படி அடிப்படையில் 20 சதவீதம், அதாவது 6,820. அகவிலைப்படி ஏறினாலும் இது அசையாது.

மூன்று மாத நிலுவை 2,046. ஆனால் என்.பி.எஸ்.காரர்களுக்கு (தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு) அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிப்பதால் நிலுவையிலும் சுமார் 205 போய், 1,841 வரும். இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்களுக்கு நிலுவையும் இல்லை. ஜூலை 1இல் ஆண்டு ஊதிய உயர்வு கிடைத்தவர்கள் கூடிய அடிப்படையில் கணக்கிட வேண்டும். ஜூன் சீட்டை வைத்துப் போட்டால் குறைவாக வரும்.

பின்சேர்க்கை: “682 ஏறியிருக்க வேண்டும், 264தான் ஏறியது” என்ற கேள்வி மீண்டும் மீண்டும் வருவதால் இது. செப்டம்பர் சீட்டையும் நவம்பர் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பிடித்தம் பகுதியைப் பாருங்கள். ஆரோக்கிய சஞ்சீவினி பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 அக்டோபரில் தொடங்கியது. அதன் மாதச் சந்தா ஏ பிரிவுக்கு 1,000, பி 500, சி 350, டி 250 ரூபாய். சி பிரிவில் 682-இல் என்.பி.எஸ். 68, சந்தா 350 போனால் மிச்சம் 264. கணவன், மனைவி இருவரும் மாநில அரசு ஊழியர் என்றால் ஒருவர் சந்தா கட்டினால் போதும். இருவரிடமும் பிடித்திருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள்.

நிலுவையே காணோம் என்பவர்கள் மாதாந்திரச் சீட்டில் மட்டும் தேட வேண்டாம். நிலுவையைத் தனிப் பில்லாகப் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. பில் போட்டார்களா என்று டி.டி.ஓ. பிரிவில் கேளுங்கள். போடவில்லை என்றால் ஆணை எண், மாதங்கள், மாதவாரித் தொகை மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் வரவு முத்திரை வாங்கி வையுங்கள்.