பன்றி வெட்டாமல் உலகம் சுற்ற: தேடித்திரிபவர்களுக்கான இலவச ஒன்லைன் விளையாட்டைக் கண்டுபிடிக்கும் முறை

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் அக்காவின் மகன் ஒரு கதாபாத்திரமாக மாறி உலாவும் இலவச ஒன்லைன் பாத்திர விளையாட்டொன்றைத் தரவிறக்கினான். கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இரண்டு இரவுகள் ஓடி, வீட்டின் ஒரு மாத டேட்டாவை விழுங்கிய பிறகுதான் அது திறந்தது. விளம்பரத்தில் மலைகளும் பாழடைந்த கோட்டைகளும் கடலோரங்களும் இருந்தன. உள்ளே போனதும் ஒரு கிழவர் பத்துக் காட்டுப்பன்றிகளைக் கொல்லச் சொன்னார். கொன்று முடித்ததும் இருபது பன்றிகளைக் கொல்லச் சொன்னார். மூன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து, "மாமா, இந்தப் பண்டியள் முடியவே முடியாதோ?" என்று கேட்டான். கோட்டைக்குப் போகத் தடையில்லை. ஆனால் வாசலில் நிற்கும் காவலர்களைத் தாண்டுவதற்கு முப்பதாம் படி (லெவல்) வேண்டும், முப்பதாம் படிக்கு மறுபடியும் பன்றிகள் வேண்டும்.

அரைத்த மாவையே அரைப்பது என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் விளையாடுகிறவர்களும் 'கிரைண்டிங்', அதாவது அரைத்தல், என்றே சொல்கிறார்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை. அதை விரும்பி விளையாடுபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோவுடன் சேர்ந்து முதலாவது 'மட்' எனப்படும் பலர் கூடும் எழுத்து விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் விளையாடுபவர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்தார். படிகளையும் செல்வத்தையும் சேர்ப்பவர்களுக்கு டயமண்டைக் கொடுத்த அவர், மூலை முடுக்கெல்லாம் தோண்டிப் பார்ப்பவர்களுக்கு மண்வெட்டியைக் குறிக்கும் ஸ்பேட்டைக் கொடுத்தார். நாங்கள் 304 என்ற சீட்டாட்டம் விளையாடும்போது ஸ்கோப்பன் என்று சொல்கிறோமே, அது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவர்களுடைய மொழியிலும் அது மண்வெட்டியையே குறிக்கும். ஆகவே இந்த வழிகாட்டி ஸ்கோப்பன்காரர்களுக்கானது. டயமண்ட்காரர்களுக்கு இது பயன்படாது.

ஒரு விளையாட்டைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அது எதற்குக் கூலி கொடுக்கிறது? உலகம் எவ்வளவு பெரியது, படங்கள் எவ்வளவு அழகானவை என்பவை பிறகு பார்க்க வேண்டியவை. கொல்வதற்கு மட்டும் அனுபவப் புள்ளி, அதாவது படியேற்றும் புள்ளி, கொடுக்கும் விளையாட்டில் எத்தனை அழகான மலை இருந்தாலும் அது வெறும் திரைச்சீலைதான். மாறாக, ஒரு புதிய இடத்தில் கால் வைப்பதற்கே புள்ளி கொடுக்கும் விளையாட்டில், ஊர் சுற்றுவதே வளர்ச்சியாகிவிடுகிறது. எதிர்ப்பக்கத்துக்கு உதாரணமாக ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைப் பார்க்கலாம். அங்கே ஒரு திறனை 99ஆம் படிக்குக் கொண்டுவர 13,034,431 புள்ளிகள் வேண்டும். 92ஆம் படியை எட்டும்போதுதான் அந்தத் தொலைவில் பாதி கடந்திருக்கும். அதன் கதைப்பணிகள் நகைச்சுவையும் புதிரும் நிறைந்தவை என்பதால் அதை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் அதன் எலும்புக்கூடு எண்களால் ஆனது.

இந்தக் கூலிக் கணக்கைத் தரவிறக்குவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அவற்றின் இரசிகர்கள் எழுதிவைத்த விக்கித் தளம் இருக்கும். அங்கே அனுபவப் புள்ளி எவ்வழிகளில் கிடைக்கும் என்ற பக்கத்தை வாசியுங்கள். அதைவிடவும் நேர்மையாகப் பேசுவது, விரைவாகப் படியேறுவது எப்படி என்று விளையாடுபவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் குறிப்புகள். "15இலிருந்து 22 வரை இந்தச் சதுப்பு நிலத்தில் தவளைகளை அடியுங்கள்" என்ற பாணியில் அவை அமைந்திருந்தால் வேறு சான்று தேவையில்லை. கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் இணையக் கடையில் தேடும்போது இலவசம், எக்ஸ்ப்ளோரேஷன் (தேடித்திரிதல்), எம்எம்ஓஆர்பிஜி (பெருந்தொகையானோர் கூடும் ஒன்லைன் பாத்திர விளையாட்டு) ஆகிய குறிச்சொற்களை ஒன்றாகச் சேர்த்துத் தேடலாம். வேண்டாத குறிச்சொற்களை விலக்கவும் முடியும். ஆனால் குறிச்சொற்களைப் போடுவதில் விளையாடுபவர்களுக்கும் பங்குண்டு என்பதால், எக்ஸ்ப்ளோரேஷன் என்ற சொல் தாராளமாகவே ஒட்டப்பட்டிருக்கும். எனவே எதிர்மறை விமர்சனங்களை வாசிக்க வேண்டும். பாராட்டுகளைவிட முறைப்பாடுகளே நமக்குப் பயன்படும். "உச்சப் படியை அடைந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, சும்மா இடம் பார்க்கத்தான் முடியும்" என்று ஒருவர் கோபப்பட்டிருந்தால், அதை உங்களுக்கான அழைப்பிதழாக எடுத்துக்கொள்ளலாம். இறுதியாக, விளையாட்டுக்குள் இருக்கும் கடையின் முகப்பில் என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். உடைகளும் அலங்காரங்களும் முன்னால் இருந்தால் பரவாயில்லை. புள்ளியை இரட்டிப்பாக்கும் மருந்துகள் முன்னால் இருந்தால், அந்த மருந்து விற்பனையாக வேண்டும் என்பதற்காகவே பாதை நீட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகிப்பது நியாயம். ஒன்றிரண்டு மருந்துகள் எங்கும் இருக்கும். எது முதன்மைச் சரக்கு என்பதே கேள்வி.

தேடித்திரிபவரை மறிக்கும் தடைச்சுவர்களில், படி போதாதவரை நிறுத்தும் படிச்சுவரை மேலே சொன்ன கோட்டை வாசலிலேயே பார்த்துவிட்டோம். கதைச்சுவர் என்று இன்னொன்று இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14இன் இலவசப் பதிப்பு 70ஆம் படி வரை கால எல்லை இல்லாமல் விளையாட விடுகிறது. அந்த வகையில் அது மிகத் தாராளமானது. ஆயினும் புதிய நாடுகளின் கதவுகள் முதன்மைக் கதையின் வரிசைப்படிதான் திறக்கும் என்பதால், கதையைப் பொறுமையாக வாசிக்கும் மனம் இல்லாதவர்கள் அங்கே போக வேண்டாம்.

நிறுவிய பிறகு முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். பயிற்சிப் பகுதி முடிந்ததும் திரையில் ஓர் அம்புக்குறி போகவேண்டிய திசையைக் காட்டும். அதற்கு நேர் எதிரே நடவுங்கள். கண்ணுக்குத் தெரியும் மிக உயரமான இடத்தையோ மிகத் தனியான வீட்டையோ குறிவைத்துப் போங்கள். வழியில் கண்ணுக்குத் தெரியாத சுவர் மறிக்கிறதா, முதல் விலங்கே ஒரே அடியில் கொன்றுபோடுகிறதா, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பெட்டியோ கல்வெட்டோ பேசுவதற்கு ஒரு மனிதரோ இருக்கிறாரா என்று கவனியுங்கள். எவரும் வரமாட்டார்கள் என்று எண்ணி விடப்பட்ட மூலையில்கூட எதையாவது வைத்திருக்கும் விளையாட்டை நம்பலாம். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை எட்டிப்பார்க்கிறவன் அடி தெரியாது என்று தெரிந்துதானே எட்டிப்பார்க்கிறான். அந்த எட்டிப்பார்த்தலுக்கு இடம் வைத்திருக்கிறார்களா என்பதுதான் பரீட்சை.

இந்தப் பரீட்சையில் என் கணிப்பில் முதலிடம் பெறுவது 2012இல் வெளிவந்த கில்ட் வோர்ஸ் 2. 2015இலிருந்து அதன் அடிப்படை விளையாட்டு இலவசம்; 80ஆம் படி வரை போகலாம். ஒவ்வொரு வரைபடத்திலும் பார்க்கவேண்டிய இடங்களும், ஏறிச்சென்று நின்றால் நிலப்பரப்பு முழுவதையும் சுற்றிக்காட்டும் உச்சிகளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கண்டடைவதற்கே புள்ளி கிடைக்கிறது. இவற்றைத் தவிர, வரைபடம் காட்டிக்கொடுக்காத பாய்ந்தேறும் புதிர்கள் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் மறைந்திருக்கின்றன. நீங்கள் வளர்ந்த பிறகு ஆரம்ப ஊர்களுக்குத் திரும்பினால் உங்கள் பலத்தை அந்த ஊரின் படிக்குக் குறைத்துவிடுவதால், பழைய இடம் எதுவும் செத்த இடமாவதில்லை. இலவசக் கணக்குக்குச் செய்தி அனுப்புவதிலும் வாங்கல் விற்றலிலும் கட்டுப்பாடுகள் உண்டு, சவாரி விலங்குகள் இல்லை; தேடித்திரிபவருக்கு நடை போதும். விண்டோஸ் கணினி வேண்டும்.

கைபேசி மட்டும் இருப்பவர்களுக்கு 2020 செப்டெம்பரில் வந்த கென்ஷின் இம்பாக்ட் பொருந்தும். அதில் அரைக்கும் வேலை ரெசின் என்ற தனி அளவுகோலால் கட்டுப்படுத்தப்படுகிறது; ஆனால் மலையேறுவதற்கோ பெட்டி தேடுவதற்கோ அது செலவாவதில்லை என்பதால், அந்தப் பக்கம் திரும்பாமலே பல மாதங்கள் அலையலாம். அதிர்ஷ்டச்சீட்டைப் போலப் பாத்திரங்களை விற்கும் முறை அதில் இருக்கிறது. பிள்ளைகளின் கைபேசியில் வங்கி அட்டையை இணைக்காமல் விடுவது பெற்றோருக்கு நல்லது. சண்டையே வேண்டாம் என்பவர்கள் 2019இல் வந்த 'ஸ்கை: சில்ட்ரன் ஒஃப் த லைட்' விளையாட்டைப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், பறந்து திரிவதற்கென்றே செய்யப்பட்ட அந்த அமைதியான உலகத்திலும் ஆடைகளை ஆசைப்பட்டவர்கள் தினமும் அதே வழியில் ஓடி மெழுகுதிரி சேர்க்கிறார்கள். அரைப்பது சில வேளைகளில் விளையாட்டின் குற்றமன்று, ஆசையின் குற்றம்.

தேடலையே தொழிலாகச் செய்ய விரும்பும் பெரியவர்களுக்கு ஈவ் ஒன்லைன் இருக்கிறது. 2003இல் தொடங்கிய இந்த விண்வெளி விளையாட்டில் 2016 நவம்பரிலிருந்து இலவசக் கணக்குகள் உண்டு. ஆய்வுக்கருவிகளை ஏவி, மறைந்திருக்கும் இடங்களின் சமிக்ஞைகளைப் படிப்படியாக நெருங்கிக் கண்டுபிடித்து, உள்ளே கிடக்கும் பழைய சிதைவுகளைத் திறந்து விற்றுப் பிழைக்கலாம். அடுத்த பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரியாத புழுத்துளைகளுக்குள் போய், அவை மூடிக்கொள்வதற்குள் திரும்பலாம். திறன்கள் கொல்வதால் வளர்வதில்லை; நீங்கள் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கும்போதும் கடிகாரத்தோடு சேர்ந்து வளர்கின்றன. ஆனால் அங்கே பிற மனிதர்கள் உங்களைக் கொள்ளையடிக்கலாம், அழிந்த கப்பல் திரும்பி வராது. இழந்தாலும் கவலையில்லாத மலிவான கப்பலில் மட்டுமே வெளியே போக வேண்டும்.

எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலநிரல் விளையாட்டுகளை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. வெலோரன் தன்னார்வலர்களால் எழுதப்படுவது. விற்பதற்கு அதில் எதுவும் இல்லை. மண்ணரிப்பைக் கணித்து உருவாக்கப்பட்ட மலைகளும் பள்ளத்தாக்குகளும் கொண்ட உலகத்தில், உச்சியிலிருந்து சறுக்கிப் பறந்து போகலாம். இணைப்பு இல்லாத நாளில் தனியாகவும் விளையாட முடியும் என்பது எங்களுக்குப் பெரிய வசதி. 2004இல் தொடங்கி 2010இல் தன் மூலநிரலைத் திறந்துவிட்ட ரைசம் இன்னொன்று. பருவத்துக்கேற்ப விலங்குக் கூட்டங்கள் இடம்பெயரும் அந்த உலகத்தில் 125ஆம் படி வரை இலவசம். அதில் படியேற்றம் மெதுவானது என்பதால், படியை மறந்துவிட்டு விலங்குகளின் பின்னால் நடப்பவர்களுக்கே அதைச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து விளையாடும்போது 'இலவசம்' என்பதற்கு டேட்டாவின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விளையாடுவதற்குச் செலவாவது குறைவு. முதல் தரவிறக்கமும் ஒவ்வொரு புதுப்பிப்பும்தான் வீட்டைக் கவிழ்க்கும். ஆகையால் எத்தனை ஜிபி என்பதை முதலிலேயே பார்த்து, உங்கள் பொதியில் இரவுக்கென்று தனி அளவு இருந்தால் தரவிறக்கத்தை அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். சேவர் (விளையாட்டை நடத்தும் தொலைவுக் கணினி) தெரிவில் கென்ஷினுக்கு ஆசியாவைத் தேர்ந்தெடுக்கலாம். கில்ட் வோர்ஸ் 2இல் ஐரோப்பா, வட அமெரிக்கா இரண்டே இருப்பதால் ஐரோப்பா நல்லது. ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோடு கென்ஷினில் சேர்ந்து திரிய வேண்டும் என்றால், கணக்குத் தொடங்கும்போதே இருவரும் ஒரே சேவரைப் பேசி முடிவெடுக்க வேண்டும், பிறகு சேர்த்த முன்னேற்றத்தோடு பாதியில் மாற முடியாது. இணைப்பின் தாமதத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை: சண்டைக்காரனைக் கொல்லும் அரைச் செக்கன் தாமதம், மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனை ஒன்றும் செய்யாது.

டேட்டா மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு, பார்ட்டில் தொடங்கிவைத்த மட் வகை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆர்ட்வுல்ஃப் 1996இலிருந்தும் அக்கையா 1997இலிருந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாமே எழுத்து என்பதால் ஒரு மாலை முழுவதும் விளையாடினாலும் ஒரு பாட்டு வீடியோ பார்க்கும் அளவுக்கு டேட்டா போகாது; பழைய லப்டொப்பே போதும். ஆங்கிலம் வாசிக்க வேண்டும். மட்லெட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அது வரைபடத்தைத் தானே வரைந்துகொள்ளும், ஆனால் முதல் மாதம் அதை அணைத்துவிட்டுக் கையால் வரைந்து பார்க்குமாறு சொல்வேன். சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்து, ஓர் அறைக்கு ஒரு கட்டம் என்று வைத்து, வழிகளைக் கோடுகளாகப் போட வேண்டும். மேலே, கீழே போகும் வழிகளுக்கு வேறு நிற மை. உலகம் எந்தப் பக்கம் விரியும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், முதற்பக்கத்தில் தொடங்காமல் கொப்பியின் நடுப்பக்கத்தில், நடுக்கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.