குட்டி யானைக்கு இன்சூரன்ஸ்: பணம் கட்டும் முன் பாலிசியில் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

கடைக்கோ கம்பெனிக்கோ சரக்கு ஏற்ற டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. ஆர்.சி.யும் பழைய பாலிசியும் பக்கத்தில் இருக்கட்டும். ஆன்லைனில் படிவம் நிரப்புவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: வண்டியின் வகை

ஆர்.சி.யில் சரக்கு வாகனம் என்று பதிவாகி மஞ்சள் போர்டு இருந்தால் ஜி.சி.வி. (சரக்கு வாகன) பாலிசிதான் போட வேண்டும். இதில் யாரும் அவ்வளவாகத் தவறுவதில்லை. சிக்கல் வெள்ளை போர்டு வண்டியில்தான். ஆம்னி வேனில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு எண்ணெய் டின் ஏற்றுகிறவர்கள் பிரைவேட் கார் பாலிசியைப் பிரித்து 'லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' என்ற பத்தியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டிருக்கும். சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டும் விதிவிலக்கு. சேல்ஸ்மேன் ஒரு பை நிறைய சாம்பிளோடு காரில் போனால் பிரச்சினை இல்லை. பத்து டின் எண்ணெயோடு மோதினால், வண்டிச் சேதத்துக்கான கிளைம் நிராகரிக்கப்படலாம்.

படி 2: தேர்ட் பார்ட்டி

நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு இது. இதில் பேரம் கிடையாது, எந்தக் கம்பெனியிலும் ஒரே விலை. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பின்படி, மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள, வாடகைக்கு ஓடும் (பப்ளிக் கேரியர்) நான்கு சக்கர சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். ஏஸுக்கும் ஏழு டன் லாரிக்கும் இதே தொகைதான், நியாயமா என்று கேட்காதீர்கள். ரென்யூவல் நாளில் புதிய அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரக்கு வண்டியின் தேர்ட் பார்ட்டிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12. ஓ.டி. (நம் வண்டியின் சேதத்துக்கான) பகுதிக்கு 18 சதவீதமே தொடர்கிறது. கொட்டேஷனில் மொத்தத் தொகைக்கும் 18 போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

படி 3: ஐ.டி.வி.

வண்டியின் காப்பீட்டு மதிப்பு இது, ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்ற கழிவு போக வருவது. ஒன்று முதல் இரண்டு வயதுக்கு 20 சதவீதம், இரண்டு முதல் மூன்றுக்கு 30, மூன்று முதல் நான்குக்கு 40. பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் கீழே இழுக்காதீர்கள். வண்டி திருடு போனால் கைக்கு வருவதும் அந்தக் குறைந்த தொகைதான். சேஸிஸ் வாங்கி வெளியே பாடி கட்டியவர்கள் பாடி பில்லைக் கொடுத்து அதையும் ஐ.டி.வி.யில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காத பாடிக்கு இழப்பீடு கேட்க முடியாது.

படி 4: ஐ.எம்.டி. 23 (இங்கேதான் பலருக்கு அடி விழுகிறது)

'காம்ப்ரிஹென்சிவ்' என்றதும் காருக்குக் கிடைப்பது எல்லாம் சரக்கு வண்டிக்கும் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். சரக்கு வண்டி பாலிசியில் ஐ.எம்.டி. (இந்திய மோட்டார் டாரிஃப்) 21 என்று ஒரு விலக்கு உண்டு. வண்டி முழுச் சேதம் ஆனால் தவிர லைட், டயர், டியூப், மட்கார்டு, பானெட் பக்கப் பாகங்கள், பம்பர், பெயின்ட் இதற்கெல்லாம் பணம் கிடையாது. சின்ன மோதலில் முதலில் உடைவதே இவைதான்! கூடுதல் பிரீமியம் கட்டி இவற்றைத் திரும்பச் சேர்க்கும் வழிதான் ஐ.எம்.டி. 23.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டரை வயது வண்டி, முன்பக்க இடது மூலையில் மோதல். கதவு 12,000, பம்பர் 3,500, ஹெட்லைட் 4,000, முன் கண்ணாடி 5,000, பெயின்ட் 6,000, கூலி 8,000. மொத்தம் 38,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எம்.டி. 23 இல்லையென்றால் பம்பர், ஹெட்லைட், பெயின்ட் மூன்றையும் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) அப்படியே அடித்துவிடுவார், 13,500 போச்சு. கதவு உலோகம், அந்த வயதுக்கு 15 சதவீதம் கழிவு, வருவது 10,200. கண்ணாடிக்குக் கழிவில்லை. கூலியையும் சேர்த்தால் 23,200. எக்சஸ் (கிளைமில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 500 போனால் 22,700. மீதி 15,800 உங்கள் பாக்கெட்டிலிருந்து.

ஐ.எம்.டி. 23 சேர்த்தால் அந்த மூன்றும் கணக்குக்குள் வரும், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதக் கழிவோடு. டாரிஃப்படி இதற்கு ஓ.டி. பிரீமியத்தில் 15 சதவீதம் கூடும். நகரத்துக்குள் ஓடுகிற வண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்பது என் கருத்து. இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: டயர் மட்டும் தனியாக வெடித்தால் வராது, வண்டியும் கூடவே சேதமாகியிருக்க வேண்டும். லைட், டயர் திருட்டுக்கும் வராது.

ஏஜென்ட் "எல்லாம் போட்டாச்சு சார்" என்பார். பாலிசி ஷெட்யூலில் எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் சேர்க்கை) வரிசையில் 23 என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விலையை மட்டும் ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் மலிவாகத் தெரிகிற கொட்டேஷன், பெரும்பாலும் இந்த எண் இல்லாத கொட்டேஷன்தான்.

படி 5: வண்டியில் ஏறும் ஆட்கள்

ஓட்டுநர், கிளீனர், லோடுமேன் எத்தனை பேர் என்று எண்ணி 'லீகல் லயபிலிட்டி' பகுதியில் அந்த எண்ணிக்கையைப் போடச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் டாரிஃப் கட்டணம் தலைக்கு 50 ரூபாய்தான். இதை மிச்சம் பிடிப்பது பைத்தியக்காரத்தனம். சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கூட வந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படியே அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வழியில் "ஏறிக்கோ" என்று ஏற்றிக்கொண்டவருக்கு இல்லை. ஏஸின் ஆர்.சி.யில் ஓட்டுநரோடு இரண்டே இருக்கை. பின்னால் சரக்கு மேல் நான்கு பேரை உட்கார வைத்து விபத்தானால் அந்த இழப்பீடு உரிமையாளர் தலையில் விழும்.

உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 லட்சம், தனிநபர் பெயரில் வண்டி இருந்து அவரிடம் லைசென்ஸும் இருந்தால் மட்டும். பிரைவேட் லிமிடெட் பெயரில் உள்ள வண்டிக்கு அதை வசூலித்திருந்தால் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

ஏற்றிய சரக்குக்கு இந்தப் பாலிசியில் ஒரு பைசா வராது. அதற்கு 'மரைன் இன்லாண்ட் டிரான்சிட்' பாலிசி தனி. கடலே இல்லாத ஊரிலும் பெயர் மரைன்தான்.

படி 6: மோதிய பிறகு

வண்டியை நகர்த்தும் முன் நம்பர் பிளேட்டும் சாலையும் ஒரே படத்தில் தெரிய நாலு போட்டோ. அன்றே கம்பெனிக்குத் தகவல். யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீஸுக்கும். சர்வேயர் பார்க்கும் முன் மெக்கானிக் எதையும் கழற்றக் கூடாது. கழற்றிய பாகத்தை முழுசாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சரக்கு பில்லையும் எடைச் சீட்டையும் எடுத்து வையுங்கள், ஓவர்லோடு கேள்வி கண்டிப்பாக வரும்.

இன்சூரன்ஸ் தேதியைப் பார்க்கிற பலர் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியை மறந்துவிடுகிறார்கள். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். எஃப்.சி. முடிந்த மறுநாள் மோதினாலும் கிளைம் இழுபறிதான்.

பெர்மிட் எங்கே என்று சர்வேயர் கேட்டால்: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66(3)இன்படி பெர்மிட் தேவையில்லை. ஏஸ் அதற்குள் வரும். பிக்கப் வைத்திருப்பவர்கள் ஆர்.சி.யில் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில மாடல்கள் தாண்டிவிடும்.

பின் சேர்க்கை: லைசென்ஸ்

"ஓட்டுநரிடம் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் மட்டும்தான் இருக்கு, டிரான்ஸ்போர்ட் முத்திரை இல்லையே" என்று கிளைமைத் தட்டிக்கழிப்பது வழக்கமாக இருந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. இன்னமும் அந்தக் காரணத்தைச் சொன்னால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். நிராகரிப்பை எழுத்தில் வாங்கி, தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டுக் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்). தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை.