அனுராதபுரம் ஒரே நாளில்: உள்ளங்காலை வைத்துப் போடும் திட்டம்

ஆகஸ்ட் மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. இலங்கையின் பழைய தலைநகரான அனுராதபுரத்தில், ருவன்வெலிசாய தூபியின் கல்தளத்தில் நான் குதித்த குதியை அம்மா இன்றுவரை சொந்தக்காரர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். "கோயில்ல செருப்பைக் கழட்டறது உனக்கு என்னடா புதுசு?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர்க் கோயிலில் மண்டபம் உண்டு, பிரகாரத்தில் நிழல் உண்டு. இங்கே சுற்றிலும் வெட்டவெளி. நடுவில் மலைபோல ஒரு வெள்ளைத் தூபி, அதிலிருந்து திரும்பி அடிக்கும் வெளிச்சம் வேறு. பாதிச் சுற்றில் ஓடிவந்துவிட்டேன். மறுநாள் அதே இடங்களை வேறு வரிசையில் பார்த்தபோது ஒரு சிரமமும் இல்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விசா, விமானச்சீட்டு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து வடக்குப் பாதை ரயிலில் வரலாம். முந்தின நாள் மாலையே வந்து தங்கிவிடுங்கள், ஏனென்றால் இந்தத் திட்டம் விடியற்காலையில் தொடங்குகிறது.

படி 1: முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

தோளும் முழங்காலும் மூடும் உடை. வெள்ளை கட்டாயமில்லை, ஆனால் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் வெள்ளையில்தான் வருவார்கள். ஆண்களுக்கு நான் சொல்வது வேட்டிதான்: காற்றோட்டம், மரியாதை இரண்டும் சேர்ந்தது. நாடா கட்டும் ஷூ வேண்டவே வேண்டாம். ஒரு நாளில் பத்துத் தடவையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், சாதாரணச் செருப்பு போதும். தொப்பியையும் உள்ளே கழற்ற வேண்டும். தடித்த பருத்திச் சாக்ஸ் ஒரு ஜோடி கட்டாயம். செருப்புதான் கூடாது, சாக்ஸ் போடலாம். இது தெரியாமல்தான் நான் குதித்தேன்.

கடைசியாக, பாஸ்போர்ட். நகல் இல்லை, அசல்.

படி 2: சீட்டுக்கு முன்னால் கோயில்கள்

தொல்லியல் பகுதிக்கான சீட்டை வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று நினைத்து, முதல் நாள் காலையில் குளிர்ச்சியான இரண்டு மணி நேரத்தை வீணாக்கினேன். ஸ்ரீ மகாபோதிக்கு அந்தச் சீட்டு செல்லவே செல்லாது. அது விகாரையின் நிர்வாகத்தில் இருக்கிறது. பாறைக் கோயிலான இசுருமுனியவும், ஊருக்கு வெளியே இருக்கும் மிகிந்தலை மலையும் அப்படித்தான், அங்கங்கே தனிக் கட்டணம். ஆகவே ஆறு மணிக்கு நேராக மகாபோதிக்குப் போங்கள்.

அசோகரின் மகள் சங்கமித்தை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் புத்தகயாவிலிருந்து கொண்டுவந்த கிளை இது. நட்ட காலம் பதிவாகியிருக்கும் மரங்களில் உலகிலேயே பழையது என்பார்கள். இங்கேயும் ஏமாந்தேன். வளாகத்தில் அகலமாக நிற்கும் ஒரு பெரிய அரசமரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அது காவலுக்கு நட்ட துணைமரம்! உண்மையான மரம் மேல்தளத்தில், பொன்னிற வேலிக்குள், பொன்னிற முட்டுக்கால்கள் தாங்க மெலிந்து சாய்ந்திருக்கும்.

நுழைவாயிலில் பையைச் சோதிப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். 1985 மே மாதம் விடுதலைப் புலிகள் இந்த ஊரில் நடத்திய தாக்குதலில், இங்கே கும்பிட வந்தவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தமிழில் பேசிக்கொண்டு போன எங்களை யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூ விற்ற அம்மாள்தான் நீலோற்பலத்தின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து விரிப்பது எப்படி என்று என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

படி 3: நிழலோடு சுற்றுவது

மகாபோதியிலிருந்து ருவன்வெலிசாயவுக்கு நடந்தே போகலாம். துட்டகைமுனு மன்னன் கட்டத் தொடங்கிய தூபி, சுற்றுச்சுவர் முழுக்க யானைகள். வலமாகத்தான் சுற்ற வேண்டும். காலையில் தூபியின் நிழல் மேற்குப் பக்கம் விழும், மாலையில் கிழக்கே. காலையில் நின்று படமெடுக்க, உட்கார எல்லாம் மேற்கே வைத்துக்கொள்ளுங்கள், கிழக்கை நடந்து கடந்துவிடுங்கள். உச்சிவேளையில் எந்தப் பக்கமும் உதவாது.

அதன்பின் தூபாராமய. சிறியதுதான், ஆனால் இலங்கையில் பௌத்தம் வந்தபின் எழுந்த முதல் தூபி என்பது மரபு. சுற்றி நிற்கும் மெலிந்த கல்தூண்களைப் பாருங்கள். ஒருகாலத்தில் தூபியின் மேல் கூரை இருந்ததற்கு அடையாளம் அவை.

ஒன்பது மணிக்குள் ஜேதவனாராமய. சீட்டும் அங்குள்ள அருங்காட்சியகத்திலேயே வாங்கலாம், ஒரு நாளைக்குத்தான் செல்லும். சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு, அதாவது இந்தியருக்கும், பாதிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் மட்டும். முதல் நாள் என் பாஸ்போர்ட் விடுதி அறையில் பத்திரமாக இருந்தது, நான் முழுக்கட்டணம் கட்டினேன்.

வெள்ளை பூசாத செங்கல் மலை இந்த ஜேதவனாராமய தூபி. மகாசேனன் என்ற மன்னன் காலத்தில் தொடங்கியது. முழு உயரத்தில் சுமார் 122 மீட்டர், அந்நாளில் கீசாவின் இரண்டு பிரமிடுகளுக்கு அடுத்த உயரம். ஒன்பது கோடிக்கும் மேல் செங்கல் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

படி 4: வெயில் நேரம் முழுக்க அபயகிரி

என் மறுநாள் திட்டத்தைக் காப்பாற்றிய படி இதுதான். பழைய பௌத்த மடமான அபயகிரிப் பக்கம் மரங்கள் அடர்த்தி, இடிபாடுகளுக்கு நடுவே செருப்போடு நடக்கலாம். சைக்கிளில் போங்கள். ஆட்டோக்காரர் உங்களை இடத்துக்கு இடம் இறக்கி அவசரப்படுத்துவார், நடப்பதற்கோ தூரம் அதிகம். கைப்பேசியில் வரைபடத்தை இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள்.

குட்டம் பொகுண என்ற இரட்டைக் குளத்தில் எல்லோரும் படிக்கட்டைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சின்னக் குளத்தின் ஓரத்தில் இருக்கும் தொட்டியைத் தேடுங்கள். தண்ணீர் அதில் தங்கி, வண்டல் கீழே படிந்து, தெளிந்தது மட்டும் மகர வாய் வழியாகக் குளத்துக்குள் விழும் ஏற்பாடு. மகாசேனன் மாளிகை என்று அழைக்கப்படும் இடத்தில் உள்ள சந்திரவட்டக்கல்லில் (வாசற்படியின் அடியில் பதித்த அரைவட்டக் கல்) யானை, குதிரை, சிங்கம், காளை வரிசையாக ஓடும். பிற்காலத் தலைநகரான பொலன்னறுவைக்குப் போனால் அங்கே காளை இருக்காது. சோழர் ஆட்சிக்குப் பிறகு, காலால் மிதிக்கும் கல்லில் நந்தியைச் செதுக்கத் தயங்கியிருக்கலாம் என்பது பலர் சொல்லும் காரணம்.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனப் பயணி பாகியான் இந்த நகரத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அபயகிரியில் மட்டும் ஐயாயிரம் துறவிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஒரு புத்தர் சிலை முன்னால் யாரோ வணிகர் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு, ஊர் நினைவு வந்து அழுதாராம். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து அம்மா கொண்டுவந்த முறுக்கைத் தின்றுகொண்டே இதைப் படித்தேன்.

தியானத்தில் அமர்ந்திருக்கும் சமாதி புத்தர் சிலை முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றுங்கள். சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுக்காதீர்கள். இது எல்லாப் புத்தர் சிலைகளுக்கும் பொருந்தும்.

படி 5: மாலை

நான்கு மணிக்கு மேல் இசுருமுனிய. பாறை ஆறியிருக்கும்.

பின்னூட்டங்களுக்குப் பின் சேர்த்தவை

துட்டகைமுனுவிடம் போரில் தோற்ற தமிழ் மன்னன் எல்லாளனின் சமாதி எங்கே என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயரில் நெடுங்காலம் காட்டப்பட்ட மேடு, தக்கிண தூபி. அது பௌத்தத் தூபி என்று தொல்லியலாளர் பரணவிதான அடையாளம் காட்டினார். பழைய வழிகாட்டிகளை நம்பிப் போனால் குழப்பம்தான்.

கையில் புத்தர் பச்சை குத்தியிருக்கும் நண்பருக்கு: முழுக்கை சட்டை போட்டு மறைத்தாலும் போதும் என்று என்னால் சொல்ல முடியாது. 2014இல் அப்படிப் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பயணி ஒருவரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள்.

ஜூன் பௌர்ணமியான பொசன் சமயத்தில் போகலாமா என்றால், கூட்டம் பிடித்தவர்கள் போகலாம். தெருவெங்கும் தன்சல் பந்தல்களில் இலவசச் சாப்பாடு கிடைக்கும், தங்க அறைதான் கிடைக்காது.

சைவக்காரர்கள் கவனிக்க: பேக்கரியில் முக்கோணமாக இருக்கும் 'மாலு பான்' காய்கறி பன் இல்லை. மாலு என்றால் மீன். அம்மா பாதி தின்றபிறகுதான் தெரிந்தது.