அழிய மறுத்த செஷன்கள்

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு ஆர்டர் தளம் எழுதிக் கொடுத்திருந்தேன். லாகின் செஷன்கள் (யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்ற பதிவுகள்) எல்லாம் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸில். தீபாவளிக்கு முந்தைய வாரம் சர்வர் டிஸ்க் நிரம்பிவிட்டது. பார்த்தால், மாதக்கணக்கில் பழைய செஷன்கள் குவிந்து கிடக்கின்றன! காலாவதியான பதிவுகளைத் தானாக அழிக்கும் டிடிஎல் இண்டெக்ஸ் போட்டுத்தான் இருந்தேன்.

ராத்திரி வேளச்சேரி அறையில் ஒரே ஒரு டாக்குமெண்டை, அதாவது ஒரு செஷன் பதிவை, விரித்து வரிவரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது. காலாவதி நேரத்தைச் சொல்லும் எக்ஸ்பயர்ஸ் மதிப்பைச் சுற்றி மேற்கோள்குறி. அது தேதியே இல்லை, வெறும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர். டேட் வகையாக இல்லாவிட்டால் டிடிஎல் அதைத் தொடவே தொடாது, எர்ரரும் காட்டாது. அந்த மௌனம்தான் என்னை ரொம்ப வாட்டியது.

டேட்டாகவே சேமிக்கும்படி மாற்றினேன், இண்டெக்ஸில் எக்ஸ்பயர்ஆஃப்டர்செகண்ட்ஸ் 0, அதாவது அந்த நேரம் வந்ததுமே காலாவதி. பழையவற்றை நானே நீக்கினேன். அழிக்கும் வேலை 60 விநாடிக்கு ஒருமுறைதான் ஓடும் என்பதால், ஆளை உள்ளே விடும் முன் காலாவதியைக் கோடிலும் சோதிக்கிறேன்.