டீ கப் பன்றி வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் ஐந்தாம் வயதை யோசியுங்கள்

போன மாதம் அண்ணன் மகள் ஒரு படம் அனுப்பினாள். டீ கப்புக்குள் உட்கார்ந்திருக்கிற பன்றிக்குட்டி. "சித்தப்பா, இது இவ்வளவுதான் வளருமாம், எங்க ஃப்ளாட்ல வச்சுக்கலாமா?" இங்கிலாந்தில் ஆறு வருடமாக இரண்டு பன்றிகளோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்பதால் என்னிடம் கேட்டாள், நானும் முக்கால் மணி நேரம் பேசித் தீர்த்தேன். அதில் உருப்படியானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், டீ கப் பன்றி, மைக்ரோ பன்றி என்று ஒரு இனமே கிடையாது, அது விற்கிறவர்கள் வைத்த பெயர். எந்தப் பன்றியும் பிறக்கும்போது கையில் அடங்கும். பண்ணையில் இருநூறு கிலோவைத் தாண்டும் வெள்ளைப் பன்றிகூட ஒன்றரைக் கிலோ அளவில்தான் பிறக்கிறது. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1960களில் ஆராய்ச்சிக்காகவே சிறியதாக உருவாக்கிய மினி பன்றி வளர்ந்து முடிந்தால் 35 முதல் 45 கிலோ வரை வரும். விஞ்ஞானிகள் மெனக்கெட்டும் அவ்வளவுதான் குறைந்தது என்றால், ஆன்லைனில் குட்டி விற்கிறவர் சொல்லும் பத்துக் கிலோவை எப்படி நம்புவது?

"அப்பா அம்மாவைக் காட்டினார்களே, சின்னதாகத்தானே இருந்தன" என்பார்கள். அந்த அப்பா அம்மாவுக்கு என்ன வயது என்று கேளுங்கள். ஆண் குட்டி இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், பெண்ணும் அதிகம் பின்தங்காது, சினைக்காலமோ 114 நாள்தான். ஒரு வயதுகூட ஆகாத தாயைக் காட்டி "இவ்வளவுதான் வளரும்" என்று விற்பது சுலபம். பன்றி மூன்று நான்கு வயது வரை, சிலது ஐந்து வரை வளரும். கனடாவின் எஸ்தர் கதை உலகம் முழுக்கத் தெரிந்தது: 2012இல் மினி பன்றி என்று சொல்லிக் கொடுத்த குட்டி, கடைசியில் 290 கிலோவைத் தாண்டியது, வளர்த்த இருவரும் வீட்டை விட்டுப் பண்ணைக்கே குடிபோனார்கள். ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி வளர்த்த மேக்ஸ் வியட்நாமியப் பானை வயிற்றுப் பன்றி. 18 வருடம் வாழ்ந்து 2006இல் செத்தது. பதினெட்டு வருடம்! இன்று பத்து வயதில் ஆசைப்படுகிற பிள்ளை அதற்குள் காலேஜ் முடித்து வேலைக்கே போய்விடும்.

சரி, இவ்வளவு கேட்டும் வேண்டும் என்றால், குட்டி வருவதற்கு முன்னாடியே காகித வேலையை முடியுங்கள். இங்கிலாந்தில் சட்டத்தின் கண்ணுக்குச் செல்லப் பன்றி என்று தனியாக ஒன்றும் இல்லை, அது பண்ணை விலங்குதான், நீங்கள் அதற்குப் பெயர் வைத்து ஸ்வெட்டர் போட்டாலும். நிலத்துக்கு ஹோல்டிங் நம்பர் (கால்நடை வைக்கிற இடத்துக்கு அரசு தரும் அடையாள எண்) வாங்க வேண்டும், பன்றி வந்த பிறகு மந்தையைப் பதிவு செய்ய வேண்டும், ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஏற்றிப்போக லைசென்ஸ், வந்து சேர்ந்த பிறகு இருபது நாள் எந்தப் பன்றியையும் அங்கிருந்து வெளியே அனுப்ப முடியாது. நாயைப் போலத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகவும் தனி லைசென்ஸ் உண்டு, போகிற வழியையே முன்கூட்டிக் காட்டி அனுமதி வாங்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேறு நாட்டில் இருக்கிறீர்களா, அங்கே என்ன சட்டம் என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நம் ஆட்கள் வழுக்குகிற இடம் தீனி. மிச்சச் சோறு, குழம்பு, தோசை எல்லாம் பன்றிக்குத்தானே என்ற நினைப்பு நமக்கு ரத்தத்தில் ஊறியது. இங்கே அது குற்றம். பால், தயிர் புழங்குகிற சைவச் சமையலறைக் கழிவுகூடக் கூடாது. 2001இல் கோமாரி நோய் பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்று எரித்தார்கள், புதைத்தார்கள். அதற்கு ஆரம்பப்புள்ளி என்று விசாரணை காட்டியது சரியாக வேகவைக்காத எச்சில் தீனி போட்ட ஒரு பன்றிப் பண்ணையை. என் மாமியார் முதல் முறை வந்தபோது மிஞ்சின இட்லியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனதைப் பார்த்து நான் ஓடின ஓட்டத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

பண்ணைத் தீனி எடையேற்றச் செய்தது, அது வேண்டாம். செல்லப் பன்றிக்கென்று வருகிற குச்சித் தீனியை அளந்து போடுங்கள், மேலே புல், வைக்கோல், தோட்டத்திலிருந்து நேராகப் பறித்த கீரை. அதிகம் போட்டால் முகக் கொழுப்பு கண்ணையே மூடிவிடும், பன்றி கண்ணிருந்தும் குருடாகும். சிறிதாகவே இருக்கட்டும் என்று பட்டினி போடச் சொல்லித்தருகிற வியாபாரிகள் உண்டு, அதைக் கொடுமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். தண்ணீர் கிடைக்காமல் போனால் உடம்பில் உப்பு ஏறி வலிப்பு வந்து சாகும்.

இடம் பற்றிச் சொன்னால், ஒற்றைப் பன்றி வேண்டாம், இரண்டாக வளருங்கள், அது கூட்ட விலங்கு. மண்ணைக் கிளற விடுங்கள், கிளறாத பன்றி தரைவிரிப்பைக் கிளறும். என்னுடைய பெரியவள் குளிர்பெட்டிக் கதவை மூக்கால் நெம்பித் திறக்க ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது, அதனால் கோடையில் நிழலும் சேறும் கட்டாயம், வெள்ளைத் தோல் என்றால் வெயிலில் வெந்துவிடும்.

ஆணுக்குக் காயடிப்பதும் பெண்ணுக்குக் கருப்பை எடுப்பதும் தள்ளிப்போடுகிற வேலை இல்லை. காயடிக்காத ஆணின் நாற்றத்தையும் முரட்டுத்தனத்தையும் எந்த வீடும் தாங்காது, பெண்ணுக்கு வயதானால் கருப்பையில் கட்டி வரும். பன்றி பார்க்கிற டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்று வாங்குமுன் கேளுங்கள், நாய் பூனை டாக்டர்கள் பலர் கைவிரித்துவிடுவார்கள். குளம்பு வெட்ட நான் கண்ட வழி: தூக்கக் கூடாது, தூக்கினால் கழுத்தறுப்பது போலக் கத்தும். வயிற்றைச் சொறிந்துகொண்டே இருங்கள், ஒரு கட்டத்தில் மரம் சாய்வது போலப் பக்கவாட்டில் சாய்ந்து கண் மூடிக்கொள்ளும். அந்த ஐந்து நிமிடம்தான் உங்களுடையது.

இதை வளர்க்கவே கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. சிறியதாக வேண்டுமென்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்க்கிறார்கள். டோக்கியோவில் காபி குடித்துக்கொண்டே குட்டிகளை மடியில் வைத்துக்கொள்ளக் கஃபே நடக்கிறது. 2015இல் சீனாவின் பி.ஜி.ஐ. என்ற மரபணு ஆராய்ச்சி நிறுவனம் மரபணுவில் கைவைத்து உருவாக்கிய, பதினைந்து கிலோ தாண்டாத பன்றியை 10,000 யுவானுக்கு விற்கப் போவதாக அறிவித்தது, பிறகு கைவிட்டது. எதிர்ப்பவர்களில் சிலர் மதியம் பேக்கன் (பன்றி இறைச்சி) சாண்ட்விச் சாப்பிடுகிறவர்கள் என்பது வேறு விஷயம், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அரசாங்கம் நோய் வந்தால் செல்லப் பன்றியையும் கொல்ல உத்தரவிடலாம் என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அதனால் குட்டி வாங்காதீர்கள். வீட்டுக்கு அடங்காமல் காப்பகத்துக்குத் தள்ளப்பட்டவை நிறைய இருக்கின்றன, அதில் ஐந்து வயது தாண்டிய ஜோடியாகக் கேளுங்கள். எடை, குணம், காயடித்ததா இல்லையா எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும், யார் வாக்கையும் நம்ப வேண்டாம்.

அண்ணன் மகள் இப்போது முயல் படம் அனுப்பியிருக்கிறாள்.