கலிஃபோர்னியா சமுதாயக் கல்லூரிகளில் பாடக் குறியீடுகளை வாசிப்பது எப்படி

கலிஃபோர்னியா மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் (பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பு வழங்கும் பொதுக் கல்லூரிகள்) உள்ளன. அவை 73 மாவட்ட நிர்வாகங்களின் கீழ் இயங்குகின்றன. ஒவ்வொரு நிர்வாகமும் தன் பாடங்களுக்குத் தானே பெயரிட்டுத் தானே எண் கொடுத்து வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுக்கும் பிள்ளைகளும், அவர்களுக்குத் துணைநிற்கும் பெற்றோரும், பல ஆண்டுகள் கழித்து மீண்டும் படிக்க வருவோரும் பாடத்தின் தலைப்பையும் எண்ணையும் மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். அந்த இரண்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பாடம் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே அது பட்டத்துக்கு உதவுமா, பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் கால்குலஸ் (நுண்கணிதம்) முதற்பாடம் ஒன்றே போதும். சான்டா மோனிகா கல்லூரி அதைக் கணிதம் 7 என்று வழங்கியது. சான் டியேகோ மெசா கல்லூரியில் அது கணிதம் 150, டயாப்லோ வேலி கல்லூரியில் 192, சாக்ரமென்டோவை அடுத்த அமெரிக்கன் ரிவர் கல்லூரியில் 400 என இருந்தது. எண் பெரிதாக இருப்பதால் பாடம் கடினமானது என்று கொள்ள இயலாது. அதைவிடக் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றும் இங்கே இருக்கிறது. அமெரிக்கன் ரிவர் கல்லூரி அடங்கிய லாஸ் ரியோஸ் மாவட்டத்தில் 1 முதல் 99 வரையுள்ள பாடங்கள் பட்டத்துக்குக் கணக்கில் சேராதவை. 100 முதல் 299 வரையுள்ளவை அக்கல்லூரியின் பட்டத்துக்கு உதவுபவை. 300 முதல் 499 வரையுள்ளவையே நான்காண்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றிக்கொள்ளும் நோக்கில் அமைந்தவை. சான்டா மோனிகாவிலோ ஒற்றை இலக்க எண் கொண்ட பாடமே கால்குலஸாக இருந்தது. ஆகவே முதல் வேலையாக, நீங்கள் சேரவிருக்கும் கல்லூரியின் பாடக் கையேட்டைத் திறந்து, எண்களின் வரம்புக்கு என்ன பொருள் என்று அந்தக் கல்லூரியே எழுதியிருக்கும் பகுதியைத் தேடிப் படியுங்கள். ஒரு கல்லூரியின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அடுத்ததாகப் பாடத்தின் கிரெடிட் நிலையைப் பாருங்கள். மாநில அளவில் இதற்கு மூன்று வகைகளே உண்டு: பட்டத்துக்குக் கணக்கிடப்படும் கிரெடிட் பாடம், கிரெடிட் உண்டு ஆனால் பட்டத்துக்குச் சேராத பாடம், கிரெடிட் இல்லாத பாடம். மாநில அலுவலகத்துக்குக் கல்லூரிகள் அனுப்பும் தரவில் இவை முறையே டி, சி, என் என்ற எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. கிரெடிட் இல்லாத பாடங்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. அவை ஆங்கிலம் இரண்டாம் மொழியாகக் கற்றல், குடியுரிமைத் தேர்வுக்கான பயிற்சி, அடிப்படைத் திறன்கள், பெற்றோர் கல்வி, முதியோர் கல்வி, குறுகிய காலத் தொழிற்பயிற்சி முதலிய பத்துப் பிரிவுகளுக்குள் அடங்கும். புதிதாக வந்து ஆங்கிலத்தில் பேச்சுப் பயிற்சி வேண்டுவோருக்கு இவ்வகைப் பாடங்கள் பெரும் உதவி. ஆனால் அதே ஆங்கிலப் பாடம் ஒரே கல்லூரியில் கிரெடிட் வடிவிலும் கிரெடிட் இல்லாத வடிவிலும் நடைபெறலாம் என்பதால், பட்டம் பெறும் எண்ணம் இருந்தால் எந்த வடிவில் பதிவு செய்கிறீர்கள் என்பதைத் தவறாமல் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக வருவதும், மிகுந்த கவனம் வேண்டுவதும், பாடத்தின் மாற்ற நிலை, அதாவது அது பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்கதா என்பது. இதற்கும் மூன்று எழுத்துகள் உண்டு. ‘ஏ’ என்றால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசி, மாநிலப் பல்கலைக்கழகமான சிஎஸ்யூ ஆகிய இரண்டும் ஏற்பவை. ‘பி’ என்றால் சிஎஸ்யூ மட்டும் ஏற்பவை. ‘சி’ என்றால் மாற்ற இயலாதவை. பாடக் கையேட்டில் இந்த எழுத்துகளுக்குப் பதிலாக, பாட விவரத்தின் இறுதியில் யூசி, சிஎஸ்யூ என்ற பெயர்களே அச்சிடப்பட்டிருக்கும். சிஎஸ்யூவுக்கு மாற்றத்தக்கது எது என்பதைச் சமுதாயக் கல்லூரியே முடிவு செய்யலாம். யூசி தன் பட்டியலைத் தானே பரிசீலித்து ஆண்டுதோறும் ஒப்புதல் அளிக்கிறது. ‘பி’ வகைப் பாடங்கள் இருப்பதற்கு இதுவே காரணம். பள்ளி மாணவர்களுக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பொருந்தும்: யூசிக்கு மாற்றத்தக்க மூன்று செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பாடம் ஒன்றை, யூசி தன் சேர்க்கைத் தகுதிப் பாடங்களில் ஓர் ஆண்டுப் பள்ளிப் பாடத்துக்கு ஈடாகக் கொள்கிறது.

மாற்றத்தக்கது என்பதற்கும், நீங்கள் விரும்பும் துறையின் முன்தேவையை நிறைவு செய்வது என்பதற்கும் இடைவெளி உண்டு. முன்னது யூனிட்டுகளை மட்டும் பெற்றுத்தரும். பின்னதே அந்தத் துறைக்கான பாடத் தேவையைத் தீர்க்கும். இதை அறிய அசிஸ்ட் என்னும் இலவச இணையத் தளத்தில் சமுதாயக் கல்லூரி, பல்கலைக்கழகம், துறை, கல்வியாண்டு ஆகியவற்றைத் தேர்ந்து, இரு பக்கப் பாடங்களும் நேருக்கு நேர் காட்டப்படும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். யூசி பட்டியலில் கிரெடிட் வரம்புக் குறிப்பு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளடக்கம் ஒன்றோடொன்று மேற்படியும் இரண்டு கால்குலஸ் வரிசைகளை முடித்தாலும் ஒன்றுக்கே கிரெடிட் கிடைக்கும்.

எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகளில் ஏ, பி, சி என்பவை பெரும்பாலும் தொடர்வரிசையைக் குறிக்கின்றன. 1ஏ முடித்த பின்பே 1பி. எச் என்பது ஆனர்ஸ் வகுப்பையும், எல் என்பது ஆய்வகத்தையும் குறிப்பது வழக்கம். நீச்சல், மண்பாண்டக் கலை போன்ற செய்முறைப் பாடங்களில் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை எனப் பெயர்கள் அடுக்கப்பட்டிருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதை மாநில விதி கட்டுப்படுத்துவதால், உள்ளடக்கத்தில் நெருங்கிய பாடங்களைக் கல்லூரிகள் நிலைகளாகப் பிரித்துள்ளன. அத்தகைய ஒரு தொகுதியில் ஒரு மாணவர் நான்கு பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது.

யூனிட் கணக்கிலும் ஒரு நுட்பம் உள்ளது. ஒரு செமஸ்டர் யூனிட் என்பது வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்ந்து குறைந்தது 48 மணி நேர உழைப்பு. ஆண்டைக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் அது 33 மணி நேரம். டி ஆன்சா, ஃபுட்ஹில் ஆகிய கல்லூரிகள் குவார்ட்டர் முறையைப் பின்பற்றுகின்றன. குவார்ட்டர் யூனிட்டுகளை மூன்றில் இரண்டு பங்காக்கினால் செமஸ்டர் யூனிட் கிடைக்கும் என்பதால், ஐந்து யூனிட் பாடம் செமஸ்டர் கணக்கில் ஏறத்தாழ 3.33 ஆகிறது.

எண் குழப்பத்தைத் தீர்க்க மாநிலம் இரு வழிகளை வகுத்துள்ளது. பழைய வழி சி-ஐடி: கல்லூரியின் எண் எதுவாயினும், தரப்படுத்தப்பட்ட பொதுப் பாடவிவரத்தோடு பொருந்தினால் அதற்குப் பொது அடையாளம் ஒன்று கூடுதலாகத் தரப்படும். நுண்பொருளியலுக்கு ஈக்கான் 201, பேரியல் பொருளியலுக்கு ஈக்கான் 202 என்பவை அவ்வகை. 2021இல் நிறைவேறிய ஏபி 1111 சட்டம் இதற்கும் ஒரு படி மேலே சென்று, கல்லூரியின் எண்ணையே பொதுவாக்கச் சொல்கிறது. 2025 இலையுதிர் பருவத்துக்கென முதலில் ஆறு பாடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றில் ஆங்கிலத்துக்கு ஈஎன்ஜிஎல் சி1000, உளவியலுக்கு பிஎஸ்ஒய்சி சி1000, புள்ளியியலுக்கு எஸ்டிஏடி சி1000 என்ற எண்கள் வழங்கப்பட்டுள்ளன. எண்ணுக்கு முன் நிற்கும் ‘சி’ பொதுப் பாடம் என்பதைக் காட்டுகிறது. சி1000எச் ஆனர்ஸ் வடிவம், சி1000ஈ கூடுதல் துணைப் பயிற்சியோடு இணைந்த வடிவம். மாணவர்களுக்கு நெடுநாள் முன்பே கிடைத்திருக்க வேண்டிய நியாயம் இது.

கல்லூரி அலுவலகங்களில் மட்டும் புழங்கும் ஆறிலக்க டாப் குறியீட்டையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. அது பாடத்தை அறிவுத்துறையின்படி வகைப்படுத்துகிறது. பொதுக் கணிதத்துக்கு 1701.00, பொது உயிரியலுக்கு 0401.00. பதிவு செய்யும் மாணவருக்கு இதனால் பயன் குறைவு. பாடம் உருவாக்கும் ஆசிரியர்களுக்கும், தொழிற்கல்வி நிதியைக் கணக்கிடுவோருக்குமே இது முதன்மையானது.

பழைய எண்ணில் பாடம் முடித்தவர்கள், அந்தப் பருவத்துப் பாடக் கையேட்டுப் பக்கத்தையும், ஆசிரியர் தந்த சிலபஸையும், கல்லூரி வெளியிட்டிருக்கும் அதிகாரப்பூர்வப் பாடவிவர ஆவணத்தையும் சேமித்து வைக்க வேண்டும். மாநிலத்துக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்று மதிப்பீடு செய்யும்போது, மதிப்பெண் சான்றிதழில் உள்ள எண்ணிலிருந்து பாடத்தின் உள்ளடக்கத்தை அறிய வழியில்லை. அப்போது இந்த மூன்று ஆவணங்களையே கேட்பார்கள்.